ஈற்றடி கொடுங்கள், பிள்ளைகள் பாடுவார்கள்

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதைப் போட்டி நடத்தும் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு அறிவிப்பில், யாப்பு என்னும் செய்யுள் இலக்கணப்படி எழுதும் மரபுக் கவிதைப் பிரிவைக் காணோம். விசாரித்தால், "யாப்பு பிள்ளைகளுக்குக் கஷ்டம், யாரும் எழுத வருவதில்லை" என்கிறீர்கள். முப்பது வருஷம் தமிழ் வகுப்பு எடுத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அந்தப் பிரிவைத் திரும்பக் கொடுங்கள்.

கஷ்டம் யாப்பில் இல்லை, நாம் சொல்லிக்கொடுக்கும் முறையில் இருக்கிறது. தேமா, புளிமா என்று சீர்களின் வாய்பாட்டை உருப்போட வைக்கிறோம். காதுக்கு வேலையே கொடுப்பதில்லை. வகுப்புக்காக நான் எழுதிய குறள் வெண்பா இது (வளவு என்றால் நம் பக்கத்து வீடுகளின் உள்முற்றம்):

வளவில் மழைவிழும் வாசலில் நின்றால்
அளவின்றிக் கேட்கும் இசை.

நாலைந்து தடவை உரக்கச் சொல்ல வைப்பேன். பிறகு 'மழைவிழும்' என்பதை 'நீர்விழும்' என்று மாற்றுவேன். உடனே பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சீரும் சீரும் சேரும் கட்டுக்குத் தளை என்று பெயர். 'வளவில்' மாச்சீர், அதன் பின்னே 'மழை' போன்ற நிரையசை வந்தால்தான் வெண்பாவுக்கு உரிய வெண்டளை. 'நீர்' நேரசை என்பதால் ஆசிரியப்பாவுக்கு உரிய ஆசிரியத்தளை புகுந்துவிடுகிறது. இந்த விதியெல்லாம் அவர்களுக்கு அப்புறம்தான் சொல்வேன். தளை தட்டுவது அதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது! கடைசிச் சீர் 'மலர்' வாய்பாட்டில் வந்து ஓய்வதையும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காது இந்த மண்ணில் புதிதல்ல. ஆயாவும் அப்பத்தாவும் பாடிய தாலாட்டில் எதுகையும் மோனையும் தாமாக வந்து விழும். காரைக்குடியில் 1939இல் கம்பன் கழகம் தோன்றியது முதல், கம்பனின் விருத்தப் பாக்களை வாய்விட்டுச் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

இன்னொன்று. பன்னிரண்டு வரிக்குக் குறையக் கூடாது என்ற விதியையும் எடுத்துவிடுங்கள். பிரான்மலையைத்தான் வள்ளல் பாரி ஆண்ட பறம்பு மலை என்கிறோம். தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிர் பாடியது ஐந்தே அடி ஆசிரியப்பா, புறநானூற்றின் 112ஆம் பாட்டு. அவ்வளவு துயரமும் அந்த ஐந்தடியில் அடங்கிவிட்டது.

புதுக்கவிதைப் பிரிவும் இருக்கட்டும். அதை நான் குறை சொல்லவில்லை. மரபுக்கு ஒரு ஈற்றடி, அதாவது பாட்டின் கடைசி அடி கொடுங்கள், அரை மணி நேரம் கொடுங்கள். எழுதியதை மேடையில் உரக்கச் சொல்லட்டும். தளை தட்டினால் அங்கேயே திருத்திச் சொல்ல இன்னொரு வாய்ப்பும் வேண்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் வாரத்தில் ஒரு மாலை நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். எந்தப் பள்ளிக்கு, எந்தக் கிழமை என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்