மெல்பேணில் உரைபெயர்க்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். அம்மா முழங்காலுக்குத் தந்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். முற்றத்து மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. மற்றச் செய்திகளை அவளே உனக்குச் சொல்லுவாள். தொலைபேசியில் நீ இப்போதெல்லாம் "வேலை கூட, அப்பா" என்பதற்கு மேல் ஒன்றும் கதைப்பதில்லை என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன கிழமை சித்தி தொலைபேசி எடுத்திருந்தாள். அவள் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை, அதைப் பற்றி நீயும் எனக்கு ஒன்றும் விளக்க வேண்டாம். வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருந்து மொழி மாற்றிச் சொல்லும்போது நீ கேட்டது எதுவும் அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது உன் தொழிலின் கட்டுப்பாடு, அதை அப்பாவுக்காகக்கூட நீ தளர்த்துவதை நான் விரும்பமாட்டேன். ஆனால் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இரவில் தூங்குகிறாயா என்று கேட்பதற்கு எனக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. கோவிலுக்குப் போவதை ஏன் நிறுத்தினாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவள் கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

உரைபெயர்ப்பாளருக்கான நாட்டி (NAATI) தகுதிச் சான்றிதழ் கிடைத்த அன்று நீ அனுப்பிய படத்தை அம்மா இன்னும் சாமியறையில் வைத்திருக்கிறாள். படிக்கும் காலத்தில் நீ எனக்கு வாசித்துக் காட்டிய அந்த அமெரிக்க ஆய்வை நான் மறக்கவில்லை. 2003-இல் வெளியானது. ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் பிள்ளைகளை வைத்தியரிடம் கொண்டுவந்த 13 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 பிழைகள் இருந்தன என்றும், பயிற்சி இல்லாதவர்கள் இடையில் நின்று பேசியபோதுதான் சிகிச்சையையே மாற்றிவிடக்கூடிய பிழைகள் கூடுதலாக நேர்ந்தன என்றும் சொன்னாய். காதுக்குள் வந்த தொற்றுக்கு வாயால் கொடுக்க வேண்டிய அமொக்சிசிலினை இரண்டு காதுகளுக்குள்ளும் விடும்படி ஒரு தாய்க்குச் சொல்லப்பட்டதாம். முப்பது வருடம் வைத்தியசாலை வாட்டுகளில் மருந்து கொடுத்தவன் என்ற முறையில் அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது. அப்படி ஒரு தாயும் பிள்ளையும் உன் முன்னால் வந்தால் தப்பிவிடுவார்கள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பதை நான் உனக்கு நேரே சொன்னதில்லை.

நீ இருக்கும் அவுஸ்திரேலியா 1973-இலேயே தொலைபேசி வழியாக உரைபெயர்க்கும் சேவையைத் தொடங்கியது என்பதையும், இன்றைக்கும் ஒருவர் 131 450 என்ற இலக்கத்தை எந்த நேரத்தில் அழுத்தினாலும் தன் மொழியில் ஒரு குரலைக் கேட்கலாம் என்பதையும் இங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிபவன் நான்தான். ஆனால் அந்த எந்த நேரமும் உன்னுடைய நேரமாகத்தான் இருக்க வேண்டுமா? இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து வரும் அழைப்பையும் எடுத்து, விடிந்ததும் டாண்டினோங் பக்கம் பேருந்து பிடித்துக் கிளினிக்குக்கும் போனால் உடம்பு தாங்குமா? வாட்டில் வேலை செய்த எங்களுக்கு ஒரு கட்டிலில் இருந்து அடுத்த கட்டிலுக்கு நடக்கிற நேரமாவது இருந்தது. உனக்கோ ஒரு பிரசவத்தின் நடுவில் பேசி முடித்துத் தொலைபேசியை வைத்த கையோடு, மரணச் செய்தி சொல்ல வேண்டிய அழைப்பு வந்துவிடுகிறது. இரவு வேலையைக் குறை, பிள்ளை. காசு பிறகும் வரும்.

இதை நான் படித்துவிட்டு எழுதவில்லை. போர் முடிந்த 2009-இல் வவுனியா வைத்தியசாலை எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும், நீ அப்போது சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தாய். முகாம்களில் 2.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம். வாட்டில் கட்டிலுக்குக் கீழேயும் ஆட்கள் படுத்திருந்தார்கள். தெற்கிலிருந்து வந்த வைத்தியர்கள் நல்லவர்கள், இரவு பகல் பாராமல் நின்றார்கள், ஆனால் அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சிங்களம் தெரிந்த எங்களைத்தான் ஒவ்வொரு கட்டிலுக்கும் கூப்பிடுவார்கள்.

ஒரு பெண்ணின் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. வைத்தியர் மெதுவாகத்தான் சொன்னார், நானும் அப்படியே சொன்னேன். சம்மதப் பத்திரத்தையும் மைப்பெட்டியையும் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து அவள், "இது கேள்வியா, இல்லாவிட்டால் முடிவெடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். அதை வைத்தியரிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு, ஆனால் எடுக்காவிட்டால் உயிர் போய்விடும் என்று அவர் சொன்னார். அதையும் சொன்னேன். பெருவிரலை அழுத்திவிட்டு அவள் கோபத்தோடு பார்த்தது வைத்தியரை அல்ல, என்னைத்தான். அவளுடைய மொழியில் அதைச் சொன்ன வாய் என்னுடையது. அவருடைய வாயிலிருந்து வந்தது அவளுக்கு வெறும் சத்தம்.

இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வந்தேன். கெட்ட செய்தியை நோயாளியும் வீட்டாரும் உன் குரலில்தான் முதலில் கேட்கிறார்கள். நீயோ வைத்தியர் "நான்" என்றால் "நான்" என்றும், நோயாளி "எனக்கு" என்றால் "எனக்கு" என்றும் அப்படியே சொல்ல வேண்டியவள். எங்கள் ஆட்கள் புற்றுநோய் என்றால் அதை நோயாளியிடம் மறைப்பதுதான் அன்பு என்று நினைப்பவர்கள், உன் அம்மம்மாவுக்கும் நாங்கள் அப்படித்தானே செய்தோம். "அம்மாவுக்கு அதைச் சொல்லாதேயுங்கோ" என்று ஒரு மகன் உன் பக்கம் சரிந்து கேட்டால், நீ அதையும் வைத்தியருக்குச் சொல்லியாக வேண்டும், வைத்தியர் சொல்வதை அந்த அம்மாவுக்கும் சொல்லியாக வேண்டும். தெரிவிப்பதா மறைப்பதா என்பது அவர்களுக்குள் தீர்க்க வேண்டிய விடயம். அதற்குப் பிறகு கடையிலோ கோவிலிலோ யாராவது உனக்கு முகம் கொடுக்காமல் போனால், சொன்னவளையும் சொல்லவைத்த நோயையும் அவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். நீ பிழை செய்தாய் என்று அர்த்தமில்லை. யாரும் அப்படிப் போனார்கள் என்று நான் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது தேநீர் அறைதான். வேலை முடிந்ததும் தலைமைத் தாதி எங்களை உடனே வீட்டுக்கு விடமாட்டார். அரை மணி நேரம் இருத்தி, நோயாளியின் பெயர் சொல்லாமல் எங்களுக்கு நடந்ததை மட்டும் கதைக்கச் சொல்லுவார். நீ ஒரு வேலைக்கு ஒரு வைத்தியசாலை, அடுத்த வேலைக்கு இன்னொன்று என்று தனியாகப் போய்த் தனியாக வருகிறாய், உனக்கு அந்த அறை இல்லை. ஆகவே நீயே கேட்டு வாங்கு. பாரமான சந்திப்பு என்றால் உள்ளே போவதற்கு முன்பே என்ன விடயம் என்று வைத்தியரைக் கேள், முடிந்த பிறகு ஐந்து நிமிடம் தரச் சொல். அந்த வைத்தியசாலையின் மொழிச் சேவைப் பொறுப்பாளரிடம் போய், எனக்கு ஒருவரோடு கதைக்க வேண்டும் என்று சொல்ல வெட்கப்படாதே. தெரிந்த குடும்பம் என்றால் அதைச் சொல்லி அந்த வேலையை வேறொருவருக்கு விடு. எங்கள் சனம் குறைவாக உள்ள இடத்தில், தன் பெயர் சொல்லாமல் உரைபெயர்ப்பாளர் இலக்கத்தை மட்டும் சொல்லி வேறு மாநிலத்திலிருந்து தொலைபேசியில் பேசும் ஒருவரே அவர்களுக்கும் ஆறுதலாக இருக்கலாம்.

2009-ஐப் பற்றிக் கதைக்கும் நோயாளிகளும் உன்னிடம் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். நாங்களும் அங்கேதான் இருந்தோம். அவர்கள் "நான் பார்த்தேன்" என்று சொல்வதை நீயும் "நான் பார்த்தேன்" என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இரவில் நித்திரை வருவதில்லை. சித்திரவதைக்குள்ளானவர்களுக்கென்று மெல்பேணில் 1987 முதல் இருக்கும் அந்த நிலையத்தில் நீ வேலை எடுப்பதை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன், நல்ல உரைபெயர்ப்பாளர் அங்கேதான் மிகவும் தேவை. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் எடுக்காதே. இதை மட்டுமாவது அப்பாவுக்காகக் கேள்.

இங்கே எங்கள் வைத்தியசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் சிங்களத் தாதிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சிறுநீரகக் கிளினிக்கில் நோயாளர் நிறைய. நீ தயாரித்து வைத்திருக்கும் சிறுநீரகச் சொற்களின் பட்டியலை எனக்கு அனுப்பிவிடு. அவசரமில்லை, இரவில் இருந்து தட்டச்சு செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மா எடுப்பாள், நித்திரையாக இருந்தால் எடுக்க வேண்டாம், எழும்பிச் சாப்பிட்டுவிட்டு எடு.

அன்புடன்,
அப்பா