கரண்ட் விட்டா உப்புப் போகுமாம், ஆனா முதல்ல டெஸ்ட் பண்ணுங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

வெள்ளவத்தையில கடல் பக்கம் இருக்கிற ஃப்ளாட்டுகளை நிமிர்ந்து பாருங்கோ, பல்கனிக்கு அடியில கொங்கிறீட் பொருக்கு விட்டு துருப்பிடிச்ச கம்பி தெரியும். எங்கட பில்டிங்கிலயும் இதே கதைதான், மேசன் பாஸைக் கூப்பிட்டு சீமெந்து பூசி பெயின்ட் அடிக்கிறது, கொஞ்ச நாளில பூசின இடத்துக்குப் பக்கத்திலயே வெடிக்கிறது. அது பாஸிண்ட பிழை இல்ல. புதுச் சீமெந்துக்குள்ள இருக்கிற கம்பி கதோட்டா (துருப்பிடிக்காத முனை) மாற, பக்கத்தில உப்பு ஊறின பழைய கொங்கிறீட்டுக்குள்ள கம்பி அனோட்டாகி (துருப்பிடிக்கிற முனை) அங்க துரு இன்னும் வேகமாப் பிடிக்குது.

இப்ப ஒரு கொன்ட்ராக்டர் வந்து கொங்கிறீட்டுக்குள்ள கரண்ட் விட்டு உப்பு முழுக்க எடுத்துத் தாறம் எண்டு எங்கட ஃப்ளாட் கமிட்டிக்குச் சொல்லியிருக்கினம். முறை உண்மைதான். வெளியில டைட்டேனியம் வலை கட்டி, ஈரமா வச்சு, கம்பியின்ர மேற்பரப்பு சதுர மீட்டருக்கு 1 அம்பியர் கணக்கில டிசி கரண்ட் வலைக்கும் கம்பிக்கும் இடையில கிழமைக்கணக்கா விடுவினம், குளோரைட் (உப்பில துருவைக் கொண்டுவாற பகுதி) வலைப்பக்கம் நகரும், கம்பியைச் சுத்தி துருவைத் தடுக்கிற காரத்தன்மை திரும்ப ஏறும். ஆனா "முழுக்க" எண்டது பொய். கம்பிக்குப் பின்னால இருக்கிற உப்பு பெரும்பாலும் அங்கயேதான் கிடக்கும், அரிச்சுப்போன கம்பி திரும்ப வளராது, பொருக்கு விட்டதை எப்பிடியும் உடைச்சுப் போடத்தான் வேணும். கரண்ட் கூடினா கம்பிக்கும் கொங்கிறீட்டுக்கும் உள்ள பிடிப்புக் குறையலாம், சில வகைக் கல்லு போட்ட கொங்கிறீட் எண்டா கம்பியடியில சேருற காரத்தால வீங்கி வெடிக்கவும் கூடும். கொங்கிறீட்டுக்குள்ள இழுவிசை குடுத்த உருக்குக் கேபிள் உள்ள கட்டிடமெண்டா கிட்டவே போகக்கூடாது, ஹைட்ரஜன் ஏறி கேபிள் சடாரெண்டு முறியலாம்.

துருவைத் தடுக்கச் சின்னக் கரண்டை நிரந்தரமா விடுற முறையும் இருக்கு, 1973ல கலிஃபோர்னியாவில ஒரு பாலத்தில செய்து பார்த்தது. ஆனா அதுக்குக் காலம் முழுக்க ஆள் பார்க்கவேணும், லிஃப்ட் பழுதானா மாசக்கணக்கா கிடக்கிற எங்கட பில்டிங்குக்கு அது சரிவராது.

காசு கட்ட முதல் கமிட்டிகள் கேக்கவேண்டியது இதுதான்: ட்ரில் பண்ணி வேற வேற ஆழத்தில தூள் எடுத்து குளோரைட் பார்த்தீங்களா, ஹாஃப் செல் ரீடிங் (கம்பி எங்க துருப்பிடிக்கக்கூடும் எண்டு காட்டுற மின்னழுத்த அளவு) எடுத்தீங்களா, கம்பியள் ஒண்டோட ஒண்டு மின்தொடர்பில இருக்கா. இந்த ரிப்போட் இல்லாத கொட்டேஷனை ஏற்கவேண்டாமெண்டு கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை ஒரு அறிவித்தல் போட்டா பெரிய உதவி.

இப்படிக்கு,
வெள்ளவத்தை ஃப்ளாட்வாசி
கொழும்பு 6