காரைக்குடி கல்லூரிச் சேர்க்கை உதவி நிதி: ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

1947 ஜூலை 3ஆம் தேதி சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. வெளியூர்களிலும் கலைக் கல்லூரி வேண்டும், வசதியுள்ளவர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டார். காரைக்குடியில் தொடங்குகிறேன் என்று அங்கேயே அறிவித்தார் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். ஆகஸ்ட் 11ஆம் தேதி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. கட்டடம் எழும்பட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

துணி ஆலை, விமானக் கம்பெனி என்று பல தொழில் பார்த்தவர். விமானம் ஓட்டவும் கற்றவர். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊருக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பெண்கள் கல்லூரிக்குத் தாம் குடியிருந்த வீட்டையே விட்டுக்கொடுத்தார். நோயோடு போராடி, 48 வயதுகூட நிறையாமல் 1957இல் மறைந்தார். அவர் கொடுத்ததன் அளவு நமக்கு எட்டாது. தாமதிக்காமல் கொடுத்த பழக்கம் எட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறோம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அது சேர்ந்த பிறகு வருவது. சேருகிற வாரத்தில் விடுதி முன்பணம், மெஸ் அட்வான்ஸ், புத்தகம் என்று மொத்தமாகக் கேட்கிறார்கள். போன வருடம் சாக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைச் சேர்க்க வந்த அம்மாவின் காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி இருந்தது. தோடு எங்கே போனது என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த ஒரு வாரச் செலவுக்காகத்தான் இந்த நிதி. பணத்தைக் கையில் கொடுக்காமல் கல்லூரியிலும் விடுதியிலும் நாங்களே கட்டிவிடுவோம். சாதி, மதம் பார்ப்பதில்லை. மதிப்பெண்ணையும் பெரிதாகப் பார்ப்பதில்லை. இடம் கிடைத்திருக்கிறதா, வீட்டில் வழியில்லையா, அவ்வளவுதான்.

500 ரூபாயும் சரி, 5000 ரூபாயும் சரி. கடை வைத்திருப்பவர்கள் தர்மத்துக்கென்று மகமையாக ஒதுக்குவதில் ஒரு பங்கைத் தரலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரிலுள்ள உறவினர் மூலம் கொடுத்தனுப்பலாம். பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே தந்தால் எங்களுக்கு ஓட்டம் குறையும். குழுவில் யாரிடம் கொடுத்தாலும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கைத் தீபாவளிக்கு முன் அச்சடித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உதவி நிதிக் குழுவினர்,
காரைக்குடி