கணக்கு திறந்திருக்கட்டும், பிள்ளையின் முகம் மறைந்திருக்கட்டும்

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிப் பாடசாலைகளின் நிர்வாகம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கோருவோரும், ஆசிரியர் மாணவரின் சொந்த விபரங்கள் காக்கப்பட வேண்டும் என்று கோருவோரும் எதிரெதிர் அணிகளாக நின்று பேசுவதைக் காண்கிறேன். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில், இவ்விரு கோரிக்கைகளும் ஒன்றுக்கொன்று பகையானவை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடசாலைக்கு வந்த பணமும், அங்கு எடுக்கப்பட்ட தீர்மானமும், நிரப்பப்படாத ஆசிரியர் வெற்றிடமும் ஊருக்குத் தெரிய வேண்டியவை. ஒரு பிள்ளையின் வறுமை, புள்ளி, நோய், குடும்ப நிலை ஆகியவற்றை ஊர் அறிய வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஆனால் எங்கள் பகுதியில் முன்னவை அதிபர் அலுவலக அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்க, பின்னவை மதிலிலும் முகநூலிலும் தொங்குகின்றன. இந்தத் தலைகீழ் நிலையைப் பற்றியே எழுதுகிறேன்.

உதவி வழங்கும் நிகழ்வுகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். புலம்பெயர்ந்த உறவுகளும் பழைய மாணவர்களும் கைகொடுத்திராவிட்டால், 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் மீள்குடியேறிய கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு இடைநடுவில் நின்றிருக்கும். அந்த நன்றியை மறவாமலே இதனைச் சொல்கிறேன். ஏ-9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பாடசாலையில் துவிச்சக்கர வண்டி வழங்கும் நிகழ்வொன்று நடந்தது. தரம் 9 மாணவி ஒருத்தி வண்டியின் கைபிடியைப் பிடித்தபடி நிற்கிறாள். அனுசரணையாளரின் பெயர் பொறித்த பதாகை படத்துக்குள் முழுமையாக விழ வேண்டும் என்பதற்காக அவளை இடம் மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள். குனிந்த தலையை நிமிர்த்தச் சொல்கிறார்கள். அன்று மாலையே அந்தப் படம் அவளுடைய முழுப்பெயர், வகுப்பு, கிராமம் ஆகியவற்றுடன், தந்தை காணாமல் ஆக்கப்பட்டவர், தாய் கூலி வேலை செய்பவர் என்ற குறிப்பையும் சுமந்துகொண்டு முகநூலில் வெளிவந்தது. மறுநாள் வகுப்பில் அதனைப் பார்க்காத பிள்ளை இல்லை. நெடுந்தூரம் நடந்து வருகிறவள் அவள். அந்த வண்டி அவளுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. அப்படியிருந்தும் பல நாட்கள் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே பாடசாலைக்கு வந்தாள்.

இதில் மானப் பிரச்சினைக்கு அப்பால் பாதுகாப்புப் பிரச்சினையும் உண்டு. வீட்டில் தந்தை இல்லை, தாய் பகல் முழுவதும் வேலைக்குப் போய்விடுகிறார், வீடு இன்ன கிராமத்தில் இருக்கிறது என்ற மூன்று செய்திகளையும் ஒரு பெண்பிள்ளையின் படத்துக்குக் கீழே ஒன்றாக எழுதி உலகத்துக்குக் காட்டுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதை எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. போரின்பின் பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள் இத்தனை நிறைந்துள்ள மண்ணில் இந்த அசட்டை பொறுக்கத் தக்கதன்று.

நன்கொடையாளருக்குச் சான்று வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இரவு வேலை செய்து மிச்சம்பிடித்துப் பணம் அனுப்பும் ஒருவருக்கு, அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்கும் முழு உரிமையும் உண்டு. ஆனால் ஒளிப்படம் அதற்குச் சான்றாகாது. ஒரே பிள்ளை, ஒரே வண்டியுடன், இரண்டு அமைப்புகளின் பதாகைகளுக்கு முன்னால் நின்று படமெடுக்கப்படலாம். படத்தைப் பார்ப்பவருக்கு அது தெரியவராது. எத்தனை வண்டிகள் என்ன விலைக்கு எந்தக் கடையில் வாங்கப்பட்டன, எத்தனை விலைமனுக்கள் பெறப்பட்டன, பயனாளிகளைத் தெரிவு செய்த குழுவில் யார் இருந்தார்கள், எந்த அளவுகோலின்படி தெரிவு செய்தார்கள், மிச்சப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பவற்றைப் பற்றுச்சீட்டுகளோடு காட்டுவதே சான்று. பயனாளிகளின் பெயர்ப்பட்டியலைக் கணக்காய்வு செய்பவர் பார்க்கட்டும். ஊர் பார்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் படத்தை வாரி இறைக்கும் அமைப்புகளில் எத்தனை தமது கொள்வனவுச் சிட்டைகளை அதே முகநூல் பக்கத்தில் வெளியிட்டிருக்கின்றன என்று வாசகர்கள் தேடிப் பார்க்கலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களின் கணக்கும் இதே வகையானதுதான். அதிபரைத் தலைவராகக் கொண்டு பெற்றோர்களும் ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் அங்கம் வகிக்கும் இச்சங்கம், நேர்மையாக நடக்கும் இடங்களில் பாடசாலையின் முதுகெலும்பாக விளங்குவதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் பல இடங்களில் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மொத்த வரவு, மொத்தச் செலவு, கைமீதி என்று மூன்று தொகைகள் வேகமாக வாசிக்கப்படும். வயல் வேலையை விட்டுவிட்டு வந்த பெற்றோர் கையை உயர்த்திவிட்டுப் போவார்கள். கேள்வி கேட்டால் தன் பிள்ளைக்கு வகுப்பில் என்ன நடக்குமோ என்ற அச்சம் ஒரு தாய்க்கு இருக்கும்வரை அந்தக் கையுயர்த்தலைச் சம்மதம் என்று கொள்ள முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கறிக்கையை எல்லோரும் வாசிக்கக்கூடிய அறிவித்தல் பலகையில் ஒட்டினால், கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இராது.

அடுத்து, பரீட்சைப் பெறுபேறுகள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்ததும் பாடசாலை வாசலிலும் தனியார் கல்வி நிலையங்களின் முன்னாலும் பதாகைகள் எழுகின்றன. பத்து வயதுப் பிள்ளைகளின் முகமும் பெயரும் புள்ளியும், சில இடங்களில் சுட்டெண்ணும்கூட, ஆளுயரத்துக்கு அச்சடிக்கப்படுகின்றன. சுட்டெண்ணைத் தெரிந்தவர் எவரும் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அந்தப் பிள்ளையின் பெறுபேற்றைப் பார்த்துவிடலாம் என்பதை அதிபர்கள் அறியாதவர்கள் அல்லர். சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் இது இன்னும் கடுமையானது. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளையின் சுட்டெண் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கிடந்தால், பெற்றோர் வீட்டுக்கு வந்து கேட்பதற்கு முன்பே அயலட்டை அறிந்துவிடுகிறது. பதாகையில் இடம்பெறும் பிள்ளைகளைவிட, ஓரிரு புள்ளிகளால் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டு அந்தப் பதாகையைக் கடந்து தினமும் வகுப்புக்குள் போகும் பிள்ளைகளைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். பாடசாலையின் தரத்தை ஊர் அறிய வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது: எத்தனை பேர் தோற்றினர், எத்தனை பேர் எந்தப் பாடத்தில் சித்தியடைந்தனர், கடந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால் முன்னேற்றமா பின்னடைவா, இடைவிலகியோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கைகளை வெளியிடலாம். இந்த எண்ணிக்கைகள் எந்தப் பிள்ளையையும் சுட்டிக்காட்ட மாட்டா. பாடசாலையைக் கேள்வி கேட்க உதவும்.

எங்கள் மக்கள் கேட்ட விபரத்தை மறுபேச்சின்றிக் கொடுத்துப் பழகியவர்கள் என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். போரில் இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் முகாம்களிலும் அதன்பின் மீள்குடியேற்றத்தின்போதும் எத்தனை பதிவுகள், எத்தனை படிவங்கள், எத்தனை படங்கள்! யார் கேட்டாலும், எதற்கு என்று கேட்காமல் குடும்ப விபரத்தை எழுதிக் கொடுத்த தலைமுறை இன்று பெற்றோராக இருக்கிறது. இவர்களிடம் அனுமதிப் படிவம் ஒன்றை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, பெற்றோரின் சம்மதம் பெற்றோம் என்று சொல்வது நேர்மையாகாது. மறுத்தாலும் உதவி நிற்காது என்பதை முதலில் வாய்விட்டுச் சொல்லி, அதன்பின் கேட்கப்படும் சம்மதமே சம்மதம்.

சட்டம் இந்த விடயத்தில் குழப்பமானது என்று அலுவலர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது போதிய தெளிவோடு இருப்பதாகவே தோன்றுகிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு பிரசை, காரணம் சொல்லாமலே, பொது அதிகாரசபை ஒன்றிடம் தகவல் கேட்கலாம். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லப்பட வேண்டும். பொது நலனோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலை மறுக்க அதே சட்டம் இடமளிக்கிறது. ஆனால் மறுக்கத் தக்க பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதைக் கொடுக்க முடியுமாயின் எஞ்சியதைக் கொடுத்தாக வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதாவது, பெயர்களை மறைத்துவிட்டுக் கணக்கைக் கொடுக்கலாம். தங்கள் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் எத்தனை காலமாக இல்லை என்று கேட்ட ஒரு பெற்றோருக்கு, அது ஆசிரியர்களின் தனிப்பட்ட விபரம் என்று பதில் வந்ததை நான் அறிவேன். வெற்றிடம் யாருடைய தனிப்பட்ட விபரம்? இன்னொரு பக்கம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளை பற்றிய தரவைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய சிறப்பு வகைக்குள் வைத்திருக்கிறது. சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991ஆம் ஆண்டிலேயே ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 16ஆவது உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்திலும் மானத்திலும் எவரும் முறைகேடாகக் கைவைக்கக் கூடாது என்கிறது.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்கள் பொது ஊழியர்கள் என்பதால் அவர்களுக்குச் சொந்த வாழ்க்கை இல்லை என்றாகிவிடாது. கற்பிக்கும் பாடம், தகைமை, நேரசூசி, பாடசாலைக்குச் சமுகமளித்த நாட்கள் ஆகியவை பொதுப்பணியோடு சேர்ந்தவை. மருத்துவக் காரணத்தால் இடமாற்றம் கேட்ட ஆசிரியை ஒருவரின் நோய் அவ்வகையானதன்று. ஆயினும் அது கோட்டத்து ஆசிரியர் ஓய்வறைகள் தோறும் பேசப்படுகிறது. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கு விடியற்காலையில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பேருந்தில் வந்து போகும் ஆசிரியைகளின் கைத்தொலைபேசி இலக்கம், 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொடங்கிய வாட்ஸ்அப், வைபர் குழுக்களின் வழியே முன்பின் அறியாதவர்களின் கைகளுக்கும் போய்விட்டது. இரவு பத்து மணிக்கு வரும் அழைப்புகளை எப்படித் தவிர்ப்பது என்று இளம் ஆசிரியைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அலுவலகத் தொடர்புக்குப் பாடசாலைக்கென ஓர் இலக்கம் இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

முறைப்பாடுகள்தான் இவை எல்லாவற்றிலும் கடினமானவை. ஆசிரியர் ஒருவர் பிள்ளையை அடித்தார் என்றோ, அதைவிட மோசமாக நடந்தார் என்றோ குற்றச்சாட்டு எழும்போது, பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று அமுக்கப் பார்ப்பது ஒரு வழக்கம்; வகுப்பறையில் ஒளித்து எடுத்த ஒரு நிமிடக் காணொளியை வெளியிட்டு விசாரணைக்கு முன்பே தீர்ப்பெழுதுவது மறு வழக்கம். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். உண்மை மறைக்கப்படுகிறது என்ற சந்தேகமே அந்த வாயைத் திறக்கிறது. ஆகவே முறைப்பாடு எந்தத் திகதியில் கிடைத்தது, எந்த அதிகாரியிடம் பாரப்படுத்தப்பட்டது, விசாரணை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, முடிவு என்ன என்பவற்றை வலயக் கல்விப் பணிமனை உரியவர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை முடிவுற்றன என்ற எண்ணிக்கையை எல்லோருக்கும் வெளியிட வேண்டும். பிள்ளையின் பெயர் எந்தக் கட்டத்திலும் வெளியே வரக்கூடாது. குற்றம் நிறுவப்படும்வரை ஆசிரியரின் பெயரையும் காப்பது நீதி. அதேவேளை விசாரணை முடியும்வரை அவர் அந்தப் பிள்ளைகளோடு பழக நேராதபடி பார்த்துக்கொள்வதும் நீதி. பாடசாலைக்குள் தீர்வு கிடைக்காது என்று அஞ்சும் பெற்றோர் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை அழைக்கலாம் என்ற செய்தியை ஒவ்வொரு பாடசாலையும் தன் வாசலில் எழுதி வைத்தால், மறைப்பதற்கு எதுவும் இல்லை என்று அதிபர் சொல்வதை ஊர் நம்பும்.

வடமாகாணக் கல்வி அமைச்சிடம் நான் கேட்பது அதிகமில்லை. உதவி பெறும் பிள்ளைகளின் முகத்தையும் குடும்ப விபரத்தையும் வெளியிடுவதைத் தடுத்து, அதற்குப் பதிலாகக் கொள்வனவுக் கணக்கைக் காட்டுமாறு பணிக்கும் சுற்றறிக்கை ஒன்றை, அடுத்த புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவரும் முன் எல்லா வலயங்களுக்கும் அனுப்ப வேண்டும். பாட வாரியான ஆசிரியர் வெற்றிடங்களையும் பாடசாலைகளுக்கு ஒதுக்கப்பட்ட நிதியையும், எவரும் விண்ணப்பம் எழுதிக் கேட்காமலே, தவணைக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். வெற்றிடப் பட்டியல் வெளியானால் துணுக்காய், மடு போன்ற வலயங்களின் பெற்றோர், தமக்குச் சேர வேண்டிய ஆசிரியர் எங்கே என்று ஆதாரத்தோடு கேட்க முடியும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உதவி வழங்கும் நிகழ்வுகளின் படங்களைத் தங்கள் பத்திரிகையும் பிரசுரித்து வருகிறது. இனிமேல் அத்தகைய செய்தி வரும்போது, பிள்ளைகளின் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு செலவானது என்ற விபரத்தை அனுப்புமாறு ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.