தாத்தாவின் பிளேடு டப்பா

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தாவின் தகர டப்பாவில் இரண்டு வகை பிளேடு இருக்கிறது. முதலில் வகைக்கு ஒன்றாகத் தனித்தனியே எடுத்து வை.

மூன்று வட்ட ஓட்டை மட்டும் இருப்பது ரொம்பப் பழசு. நீ குடியிருக்கும் அதே பாஸ்டனில் ஜில்லெட் கம்பெனி 1903-ல் விற்கத் தொடங்கிய வடிவம் அது. முதல் வருஷம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு, அவ்வளவுதான். உறை மேல் மீசைக்காரர் படம் இருந்தால் அவர்தான் கம்பெனியைத் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட். அந்த பிளேடு தாத்தாவின் ரேசரில் உட்காராது. ரேசர் மூடியின் உள்பக்கம் பார், வட்ட ஓட்டைகளில் நுழையும் ஆணிகளுக்குப் பதில் நீளமான மேடு இருக்கிறது. அதை உறையோடு அப்படியே வைத்துவிடு.

நடுவில் நீளப் பிளவு இருப்பது 1930-லிருந்து வந்தது. நான்கு மூலையும் வெட்டியிருக்கும். ரேசர் கை தவறி விழுந்தால் மூடியின் மூலை நசுங்கும், அது பிளேடைக் கோணலாக்கி முகத்தைக் கீறும். அதற்காகத்தான் மூலையையே எடுத்துவிட்டார்கள். எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும்.

உறையில் ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருக்கிறதா பார். வில்கின்சன் ஸ்வோர்டு என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பிளேடு வந்த பிறகு, 1960-களில்தான் அது பரவியது. அப்படிப் போடாதது கார்பன் ஸ்டீல் என்றே வைத்துக்கொள். நன்றாக வெட்டும், ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். தாத்தா சவரம் முடிந்ததும் பிளேடைக் கழற்றி அலசுவார், துவைக்கிற கல்லின் மேல் வெயிலில் காய வைப்பார், அப்புறம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். "இரும்புக்குத் தண்ணீர்தான்டா எமன்" என்பார். தேய்ந்ததை இரண்டாக ஒடித்து, பென்சில் சீவ எனக்குக் கொடுப்பார். அந்த அரை பிளேடுக்காக நான் காத்திருப்பேன்.

உறை பிரிந்தது, கறுப்புப் புள்ளி விழுந்தது எதையும் முகத்தில் வைக்காதே. யாரோ பயன்படுத்தியதாகத் தோன்றினாலும் வேண்டாம், ரத்தத்தில் பரவும் நோய் உண்டு. மூடி போட்ட தகர டப்பாவில் போட்டுக் குப்பைக்கு அனுப்பு. வெறுமனே போட்டால் குப்பை அள்ளுகிறவர் கை போய்விடும்.

உறை பிரியாத ஒன்றை ஆசைக்குப் போட்டுப் பார். ஆனால் முதலில் ஒரு வாரம் கடையில் கிடைக்கும் புது பிளேடில் கை பழகு. குளித்துவிட்டு வந்து செய், நுரை இரண்டு நிமிஷம் ஊறட்டும். ரேசரை அழுத்தவே கூடாது, அதன் கனமே போதும். கைப்பிடியைக் கன்னத்திலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடி, மயிர் வளர்ந்த திசையிலேயே இழு. பழைய பிளேடு போடும்போது குட்டைப் பக்கங்களைப் பிடித்து எடு, வெந்நீரில் காட்டு. துணியால் விளிம்பைத் துடைக்காதே, முனை போய்விடும். முதல் இழுப்பிலேயே மயிரைப் பிடித்து இழுத்தால் நிறுத்திவிடு. தாத்தா பிளேடு என்று பொறுத்துக்கொள்ளாதே.

ஊருக்கு வரும்போது ரேசரையும் கொண்டு வா. பிளேடை மட்டும் கைப்பையில் வைக்காதே, பெரிய பெட்டியில் போடு. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா