ஓய்வூதிய விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் வருமானப் பாதுகாப்புக் காப்பீட்டுக்கு (நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய முடியாதபோது சம்பளத்தில் ஒரு பகுதியைத் தரும் காப்பீடு) மாதந்தோறும் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பதைவிட, உடல் ஒத்துழைக்காத நிலை வந்தால் முன்கூட்டியே ஓய்வூதியம் பெற்றுக்கொள்வதே லாபம் என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். கட்டுரையாளர் பிரீமியத் தொகையைக் கவனமாகக் கூட்டிக் காட்டியிருக்கிறார். ஆனால், ஓய்வூதியத்தில் ஆயுள் முழுவதும் குறையும் தொகையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

உரிய வயது வந்ததும் அந்தக் குறைப்பு நீங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் பலர். பெரும்பாலான திட்டங்களில் அது நீங்குவதில்லை. இந்தியாவின் 1995ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், 58 வயதுக்குப் பதிலாக 50 வயது முதலே ஓய்வூதியம் பெறலாம் என்றாலும், முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைக்கப்படுகிறது. ஜெர்மனியில் முந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.3 விழுக்காடு குறைகிறது. அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்த ஒருவர் 67 வயது வரை காத்திராமல் 62 வயதிலேயே அரசு ஓய்வூதியத்தைத் தொடங்கினால் 30 விழுக்காட்டை இழக்கிறார். முழு ஓய்வூதியம் ஆண்டுக்கு 100 என்று வைத்துக்கொண்டால், முந்திப் பெறுபவர் அந்த ஐந்து ஆண்டுகளில் 350 பெற்றுவிடுகிறார். அதன்பின் ஆண்டுக்கு 30 வீதம் பின்தங்கி, 79 வயதை எட்டுவதற்குள் முன்பு பெற்றது முழுவதும் ஈடாகிவிடுகிறது. அதற்கு மேல் வாழும் ஆண்டெல்லாம் நட்டக் கணக்கே. விலைவாசிக்கேற்ற உயர்வு இரு பக்கமும் ஒரே விகிதத்தில் வருவதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இன்னொன்று, முன்கூட்டிய ஓய்வூதியம் எல்லோருக்கும் எப்போதும் திறந்திருக்கும் வழி அன்று. பிரிட்டனில் அரசு ஓய்வூதியத்தை ஒரு நாள்கூட முந்திப் பெற இயலாது; தனியார் ஓய்வூதிய நிதியைத் தொடுவதற்கான குறைந்தபட்ச வயதும் இப்போதுள்ள 55இலிருந்து 2028 ஏப்ரல் 6 அன்று 57 ஆக உயர்கிறது. நாற்பத்தெட்டு வயதில் முதுகுத்தண்டு பழுதாகி வேலைக்குப் போக முடியாதவருக்கு, கட்டுரையாளர் சொல்லும் அந்தத் தேர்வே இல்லை.

அதற்காகக் காப்பீட்டை நான் கண்மூடிப் பரிந்துரைக்கவில்லை. வழக்கமாக அது சம்பளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் தரும். அதுவும் 4, 13, 26 அல்லது 52 வாரக் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகே தொடங்கும். வேலை பறிபோனாலோ, வேலையில் சலிப்புத் தட்டினாலோ பொதுவாக அது கைகொடுக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'வேலை செய்ய இயலாமை' என்பதற்கு பாலிசி தரும் வரையறையைப் படிக்க வேண்டும். கை நடுக்கம் வந்த பல் மருத்துவரால் சிகிச்சை அளிக்க முடியாது. ஆனால் வகுப்பெடுக்க முடியும். சொந்தத் தொழிலைச் செய்ய இயலாமையை ஏற்கும் பாலிசி அவருக்குப் பணம் தரும். எந்த வேலையும் செய்ய இயலாமையைக் கேட்கும் பாலிசி மறுத்துவிடும். பிரீமியம் மலிவாக இருக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கட்டுரை தொடாமல் விட்ட மிக முக்கியமான விஷயம், எதை முதலில் செய்வது என்பது. என் மைத்துனருக்கு நிறுவனத்தின் வழியாக இதே வகைக் குழுக் காப்பீடு இருந்தது. மூட்டு வலியால் விடுப்பில் இருந்தவர், 26 வாரக் காத்திருப்புக் காலம் முடியும் முன்பே, வீட்டுச் செலவுக்குக் கையில் பணமில்லாமல், வேலையிலிருந்து விலகி முன்கூட்டிய ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துவிட்டார். பணியில் இருக்கும் வரைதான் பாதுகாப்பு என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது. பாலிசியில் அந்த வரி தெளிவாகவே இருந்தது. விலகல் கடிதத்தை வாங்கிக்கொண்ட அலுவலகத்தில் ஒருவர்கூட அதை அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். வேறு சில பாலிசிகளில், பெறும் ஓய்வூதியத்தை இழப்பீட்டிலிருந்து கழித்துக்கொள்ளும் நிபந்தனையும் உண்டு. அங்கே இரண்டையும் சேர்த்துப் பெறலாம் என்று திட்டமிடுவோர் ஓய்வூதியத்தையும் குறைத்துக்கொண்டு இழப்பீட்டையும் குறைத்துக்கொள்கிறார்கள்.

உடல்நலக் காரணத்துக்கான ஓய்வூதியம் என்ற தனி வழியையும் பலர் கவனிப்பதில்லை. மேற்சொன்ன இந்தியத் திட்டத்தில், பணிக்காலத்தில் நிரந்தரமாகவும் முழுமையாகவும் செயலிழந்தவருக்கு, வழக்கமாகக் கேட்கப்படும் பத்தாண்டுப் பணிக்காலம் இல்லாவிட்டாலும், ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால் போதும், ஓய்வூதியம் உண்டு. அதற்குத் தகுதியுள்ளவர் வயதுக் குறைப்புள்ள சாதாரண விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது வீண் இழப்பு.

நீண்ட ஆயுளை எதிர்பார்க்க முடியாத நோய் உள்ளவருக்கும், ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டிக் காப்பீடு மறுக்கப்பட்டவருக்கும் முன்கூட்டிய ஓய்வூதியமே சரியான முடிவாக இருக்கலாம். கட்டுரையாளரின் வாதம் அவர்கள் அளவில் பொருந்தும். ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்களோ, விலகல் கடிதம் கொடுக்கும் முன் தங்கள் கிளெய்மின் நிலையையும், ஓய்வூதியம் பெற்றால் இழப்பீடு குறையுமா என்பதையும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேட்டுப் பதில் பெற வேண்டும். இந்த எச்சரிக்கையைக் கட்டுரையின் தொடர்ச்சியாகத் தாங்கள் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்