தலைமாட்டில் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பித்தப்பை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கல்லோடு பையை எடுத்த சர்ஜனைப் பழத்தட்டோடு போய்ப் பார்த்து நன்றி சொல்லிவிட்டோம். மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மாவுக்குத்தான் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் அன்று அவர் வேறொரு கேஸில் இருந்தார். இந்த மடல் முதலில் அவருக்கு, அப்புறம் இன்னும் சிலருக்கு.

பதினொரு வருடத்துக்கு முன்னால் வேறோர் ஊரில் எனக்கு ஓர் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்ததும் ஆரம்பித்த வாந்தி இரண்டு நாள் நிற்கவில்லை. ஒவ்வொரு குமட்டலுக்கும் தையல் சுருக்கென்று இழுக்கும். "சிலருக்கு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பயத்தில்தான் பித்தப்பைக் கல்லை ஒன்றரை வருடம் சுமந்தேன்.

டாக்டரம்மா முந்தின நாள் வந்து கேட்ட முதல் கேள்வி: "பஸ்ஸில் போனால் வாந்தி வருமாம்மா?"

வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவு. எனக்கு நாலாவதிலேயே கவர் வேண்டும். சொன்னேன், சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பெண், சிகரெட் பழக்கம் கிடையாது, பஸ் வாந்தி, பழைய ஆபரேஷனிலும் வாந்தி. இதெல்லாம் சேர்ந்தால் மறுபடி வர வாய்ப்பு அதிகமாம். (சிகரெட் பிடிப்பவர்களுக்குக் குறைவாம். என்ன நியாயமோ!) அதனால் மூச்சு வழியாக வாயு கொடுக்காமல், மயக்கம் முழுவதையும் ட்ரிப் வழியாகவே கொடுப்பதாகச் சொன்னார். மருந்தின் பெயர் ப்ரோபோஃபால்.

"மைக்கேல் ஜாக்சன் செத்தது இதிலேதானே?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு நேரம் காலம் தெரியாது.

"இதேதான் சார். மூச்சை அடக்கும், பிரஷரை இறக்கும். அவருக்குக் கொடுத்தது வீட்டில், சரியான மானிட்டர் இல்லாமல். நான் கடைசிவரைக்கும் இவங்க தலைமாட்டிலேயே நிற்பேன்."

மறுநாள் தியேட்டரில் என் வயது, உயரம், எடையை ஒரு சிரிஞ்ச் பம்பில் தட்டினார். ரத்தத்தில் எவ்வளவு மருந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், வேகத்தை அதுவே கணக்குப் போட்டுக் கூட்டிக் குறைக்குமாம். மூளை எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்று பார்க்க நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் வேறு. என் கையைப் போர்வையால் மூடப்போன சிஸ்டரைத் தியேட்டர் டெக்னீஷியன் தம்பி தடுத்தார். "மூடாதீங்க சிஸ்டர், ஊசி இருக்கிற இடம் கண்ணில் பட்டுக்கிட்டே இருக்கணும்." ட்யூப் கழன்று மருந்து வெளியே போனால் மயக்கமும் போய்விடும் அல்லவா? அந்தத் தம்பிக்கும் நன்றி. பால் மாதிரி வெள்ளை மருந்து ஏறும்போது கை எரியும் என்று முன்பே சொல்லி, மரத்துப்போகும் மருந்து கொஞ்சம் கொடுத்தார்கள். லேசாக எரிந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

வீட்டுக்கு வந்து படுத்தபடி அந்த வெள்ளையைப் பற்றிப் படித்தேன். 1973இல் பிரிட்டனில் ஐசிஐ கம்பெனியில் இதைக் கண்டறிந்த ஜான் பி. கிளென் ஒரு கால்நடை மருத்துவர்! மருந்து தண்ணீரில் கரையாது. முதலில் வேறொரு திரவத்தில் கரைத்து மனிதர்களுக்குக் கொடுத்தபோது சிலருக்கு மோசமான ஒவ்வாமை வந்தது. அத்தோடு மூட்டை கட்டியிருக்கலாம். கிளென் குழு விடவில்லை. சோயா எண்ணெயும் முட்டைக் கருவிலிருந்து எடுத்த லெசித்தினும் சேர்த்துப் பால்போல் ஆக்கிய பிறகுதான், 1986இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்திருக்கிறது. 2018இல் கிளெனுக்கு அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது கொடுத்தார்கள். கிளாஸ்கோவில் கேவின் கென்னி குழு செய்த வேலையிலிருந்து, கணக்குப் போடும் பம்ப் 1996இல் சந்தைக்கு வந்தது. இவர்கள் யாரும் தமிழ் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் என் கும்பிடு.

விழித்தபோது டாக்டரம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய் உலர்ந்திருந்தது, வயிறு அசையவில்லை. சாயங்காலம் அரை டம்ளர் இளநீர் உள்ளே போய் உள்ளேயே நின்றது. நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டிய தடத்தைப் பார்த்து மகள், "என்னம்மா, பொட்டை இழுத்து வெச்ச மாதிரி?" என்றாள்.

டாக்டரம்மா, இன்னொன்றுக்கும் நன்றி. டிஸ்சார்ஜ் தாளின் ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'வாந்தி வரக்கூடியவர், அடுத்த முறையும் ட்ரிப் வழி மயக்கமே நல்லது.' லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.